வீட்டுப் போக்கருக்குப் பிளாஸ்டிக் சீட்டுக்கட்டு வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

போக்கர் என்பது மறைந்திருக்கும் சீட்டை வைத்து ஆடும் ஆட்டம். உங்கள் கையில் இருக்கும் இரண்டு சீட்டு எதிராளிக்குத் தெரியாது, அவர் கையில் இருப்பது உங்களுக்குத் தெரியாது, ப்ளஃப் அடிப்பதும் (இல்லாத சீட்டு இருப்பதுபோல் மிரட்டுவதும்) சரி, பயந்து கையைப் போட்டுவிட்டு ஒதுங்குவதும் சரி, எல்லாம் அந்தத் தெரியாமையை வைத்துத்தான். இப்போது, மூலை லேசாக மடிந்த ஸ்பேட் ஏஸ் ஒன்று கட்டில் இருக்கிறது, அது மடிந்தது என்று மேஜையில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் ஏமாற்ற நினைக்கவே வேண்டாம், கண்ணில் பட்டதை மனசு எப்படி மறக்கும்? ஆட்டம் அங்கேயே கெட்டுவிட்டது. அதனால் நல்ல சீட்டுக்கு நான் வைக்கும் முதல் நிபந்தனை, 52 சீட்டுக்கும் பின்பக்கம் ஒன்றுபோல இருக்க வேண்டும், முதல் நாளும் ஒரு வருஷம் கழித்தும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான். அழகு, பிராண்டு, விலை எல்லாம் அதற்கு அப்புறம். கீழே சொல்லும் ஒவ்வொன்றும் இந்த ஒரு கணக்கில்தான் வரும்.

காகிதச் சீட்டு ரம்மிக்குத் தாங்குகிறதே, போக்கருக்கு ஏன் தாங்காது என்று கேட்பவர்கள் உண்டு. பார்க்கும் விதம் வேறு. ரம்மியில் 13 சீட்டையும் கையில் விரித்துப் பிடித்துக்கொள்கிறோம். நாம் ஆடும் போக்கர் வகையான டெக்சாஸ் ஹோல்டெமில் சீட்டை மேஜையை விட்டு எடுப்பதே இல்லை, இடது கையைக் குவித்து மறைத்துக்கொண்டு, வலது கட்டை விரலால் மூலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு விடுகிறோம். ஒவ்வொரு கைக்கும், அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும், எட்டுப் பேர், ஆளுக்கு இரண்டு சீட்டு, பாதிப் பேர் மறந்துபோய் இரண்டாம் முறையும் தூக்கிப் பார்ப்பார்கள். வளைவது எப்போதும் அந்த ஒரே இடம். சாதாரணக் காகிதக் கட்டு ஒரு ராத்திரியிலேயே மூலை தூக்கிக்கொண்டு நிற்கும். அதோடு சென்னை மாதிரி ஈரக் காற்று உள்ள ஊரில் காகிதம் ஈரத்தை இழுத்து உப்பிவிடும், ஒன்றோடு ஒன்று ஒட்டும், கலைக்கும்போது கொத்துக் கொத்தாக விழும். நல்ல பிளாஸ்டிக் சீட்டு வளைந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பும், தண்ணீரைக் குடிக்காது, துடைத்தால் சுத்தமாகும். பல நாட்டுப் போக்கர் அறைகளில் பிளாஸ்டிக் சீட்டு புழங்குவது இதனால்தான்.

டப்பாவில் எழுதியிருப்பதை நம்பும் முன்

கடையில் "பிளாஸ்டிக்" என்று எழுதிய எல்லாமே பிளாஸ்டிக் இல்லை. மூன்று வகை கண்ணில் படும். முதலாவது "பிளாஸ்டிக் கோட்டட்" என்று போட்டிருப்பது. இது காகிதம்தான், மேலே மெல்லிய பூச்சு மட்டும். பைசைக்கிள் ரைடர் பேக், பீ போன்ற புகழ்பெற்ற கட்டுகளும் இந்த வகைதான், நல்ல சீட்டுகளே, மேஜிக் செய்பவர்கள் விரும்புவதும் அவற்றைத்தான், ஆனால் நாம் தேடுவது அதை இல்லை. இரண்டாவது, தீபாவளி சமயத்தில் எங்கு பார்த்தாலும் தொங்கும், தங்க நிறத்தில் பளபளக்கும் "வாட்டர்ப்ரூஃப்" கட்டு. தண்ணீரில் போட்டால் ஒன்றும் ஆகாது என்பது உண்மைதான். போக்கருக்கு மட்டும் தயவுசெய்து வாங்க வேண்டாம். தங்கப் பின்னணியில் சிவப்பும் கறுப்பும் எடுபடாது, டியூப் லைட் வெளிச்சம் அப்படியே கண்ணில் அடிக்கும், சீட்டு மெலிசாக இருப்பதால் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு ஒன்றாக வரும், பளபளப்பில் சின்னக் கீறல்கூடப் பளிச்சென்று தெரியும். பரிசாகக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது, "100% பிளாஸ்டிக்" என்று தெளிவாகப் போட்டிருப்பது. அதிலும் நல்லதும் உண்டு, மட்டமும் உண்டு. டப்பாவைப் பிரித்ததும் ஜோக்கரை எடுத்துக்கொள்ளுங்கள், போக்கரில் அதற்கு வேலை இல்லை, அதனால் சோதனைக்கு அதுதான் சரியான ஆள்.

ஓரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், காகிதச் சீட்டில் இரண்டு தாளை ஒட்டிய கோடு பெரும்பாலும் தெரியும், பிளாஸ்டிக்கில் ஒரே துண்டாக இருக்கும். அப்புறம் இரண்டு முனையையும் பிடித்து வில் மாதிரி வளைத்து விடுங்கள், சட்டென்று நேராக வேண்டும். மெதுவாக, அரைகுறையாகத் திரும்பினால் அந்தக் கட்டு சீக்கிரம் கோணிப்போகும். அடுத்து மொபைல் டார்ச்சைப் போட்டு, சீட்டின் முகப்புப் பக்கம் பிடித்து, பின்பக்கத்திலிருந்து பாருங்கள். மலிவான பிளாஸ்டிக்கில் முகப்பில் உள்ள உருவம் நிழலாகத் தெரியும், மேஜைக்கு மேல் பலமான விளக்கு இருந்தால் சீட்டைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் எதிரே இருப்பவர் அதைப் பார்க்க முடியும். இந்த டார்ச் சோதனையில் தோற்ற கட்டைத் திருப்பி அனுப்புங்கள், யோசிக்கவே வேண்டாம். கடைசியாக, இன்னொரு ஜோக்கர் இருந்தால் அதை நன்றாக மடித்துப் பாருங்கள், மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு விழும், அது போகாது. பிளாஸ்டிக் அழியாதது என்று நினைத்து முரட்டுத்தனமாகக் கையாள்பவர்களுக்குக் காட்டவே இந்தச் சோதனை. வளைந்தால் திரும்பும், மடிந்தால் திரும்பாது.

இரண்டு வகைப் பிளாஸ்டிக்

பெரும்பாலான சீட்டுகள் பிவிசி வகை, ஏடிஎம் கார்டு செய்யும் அதே குடும்பம். வழவழப்பு அதிகம், விறைப்பு அதிகம், விலை ஓரளவு கைக்கு எட்டும். இன்னொன்று செல்லுலோஸ் அசிடேட், மரக்கூழ், பஞ்சு போன்றவற்றின் செல்லுலோஸிலிருந்து எடுப்பது. அமெரிக்காவின் கெம் சீட்டு 1930-களிலிருந்து இந்தப் பொருளுக்காகவே பேர் வாங்கியது. தொட்டால் காகிதத்துக்குக் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும், விரல் வழுக்காது, கலைக்கும்போது சத்தம்கூட மென்மையாக வரும். விலைதான் கூட.

எது நல்லது என்று கேட்டால், கையைக் கேளுங்கள் என்றுதான் சொல்வேன். காகிதச் சீட்டிலேயே பல வருஷம் ஆடிப் பழகியவருக்கு பிவிசி முதல் நாள் எரிச்சலாக இருக்கும், மீன் மாதிரி வழுக்குகிறது என்பார். இரண்டு மூன்று ஆட்டத்துக்குப் பிறகு மேல்பரப்பின் புதுப் பளபளப்பு குறைந்து பிடி கிடைத்துவிடும். முதல் நாளிலேயே வெறுத்து ஓரம் கட்டிவிட வேண்டாம்.

அகலம்: ஆறு மில்லிமீட்டர் விஷயம்

சீட்டில் இரண்டு அளவு புழக்கத்தில் இருக்கிறது. போக்கர் அளவு 63.5 மி.மீ. அகலம், பிரிட்ஜ் அளவு சுமார் 57 மி.மீ. அகலம். உயரம் இரண்டுக்கும் ஒன்றுதான், சுமார் 89 மி.மீ. பேரைப் பார்த்துவிட்டு "நாங்கள் போக்கர்தானே ஆடுகிறோம்" என்று போக்கர் அளவை எடுத்துவிடுவார்கள். நான் வீட்டு ஆட்டத்துக்குப் பிரிட்ஜ் அளவைத்தான் சொல்வேன். வீட்டில் தனியாக டீலர் கிடையாது, சீட்டுப் போடும் வேலை ஆளுக்கு ஒரு கையாகச் சுற்றி வரும். அதில் சின்னக் கை உள்ளவர் இருப்பார், அப்போதுதான் கலைக்கப் பழகுகிறவர் இருப்பார், விரலில் மூட்டுவலி உள்ள மாமா இருப்பார். அந்த ஆறு மில்லிமீட்டர் குறைவு அவர்களுக்குப் பெரிய உதவி. கட்டு கைக்குள் அடங்கும், கலைக்கும்போது அதிகம் வளைக்க வேண்டியதில்லை, தூக்கிப் போடும்போது அடிச்சீட்டு தெரியாமல் பிடிக்கலாம். நான்கு சீட்டு வைத்து ஆடும் ஓமஹாவுக்கு இன்னும் வசதி. பெரிய கை உள்ளவர்கள் மட்டுமே கூடும் கூட்டம், எல்லோரும் நன்றாகக் கலைப்பார்கள் என்றால் போக்கர் அளவு கம்பீரமாக இருக்கும், தாராளமாக வாங்குங்கள்.

இண்டெக்ஸ்: இங்கேதான் அதிகம் யோசிக்க வேண்டும்

மூலையில் இருக்கும் எண்ணும் அதன் கீழே இருக்கும் சின்னமும் சேர்ந்ததுதான் இண்டெக்ஸ். சாதாரண அளவு, ஜம்போ என்று இரண்டு முக்கிய வகை. வயசானவர்கள் இருக்கிறார்கள், ஜம்போ வாங்கிவிடுவோம் என்று சட்டென்று முடிவெடுக்கிற இடம் இது. கொஞ்சம் நிதானிக்கலாம்.

ஹோல்டெமில் சீட்டை இரண்டு விதமாகப் பார்க்கிறோம். நடுவில் திறந்து வைக்கும் ஃப்ளாப், டர்ன், ரிவர் ஆகிய ஐந்து சீட்டைத் தூரத்திலிருந்து எல்லோரும் பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய எழுத்து நல்லது. நம் கையில் இருக்கும் இரண்டை மட்டும் ரகசியமாக, மூலையை மட்டும் தூக்கிப் பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய எழுத்து அவ்வளவு நல்லதில்லை. ஏனென்றால் ஜம்போவில் எண் பெரிதாக இருப்பதால் சின்னம் கீழே தள்ளிப்போகிறது, ஆட்டினா டைமண்டா என்று தெரிய இன்னும் கொஞ்சம் அதிகம் தூக்க வேண்டும், தூக்கிய அளவுக்கு மூலை வளைகிறது, பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணிலும் படுகிறது. தரையில் வட்டமாக, நெருக்கி உட்கார்ந்து ஆடும் வீடுகளில் இது நிஜமான பிரச்சினை.

இதை ஒரே சீட்டில் தீர்க்கப் பார்த்தவர்கள் உண்டு. மூலையின் நுனியிலேயே குட்டியாக எண்ணும் சின்னமும் அச்சிட்ட சீட்டுகள் வந்தன. கோபாக் கம்பெனி பெரிய எழுத்தும் ஓரத்தில் குட்டி எழுத்தும் சேர்ந்த இரட்டை இண்டெக்ஸ் கட்டு போடுகிறது, கிடைத்தால் பாருங்கள். ஆனால் இண்டெக்ஸை மாற்றினால் எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள் என்று இல்லை. 2007 வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரில் புதுவித மூலை அச்சுள்ள சீட்டைக் கொண்டுவந்தபோது ஆட்டக்காரர்கள் படிக்கச் சிரமமாக இருக்கிறது என்று குறை சொல்லி, போட்டி நடக்கும்போதே அந்தச் சீட்டுகளை மாற்ற வேண்டியதாயிற்று. அத்தனை அனுபவம் உள்ள கண்களுக்கே அப்படி என்றால் மாதம் ஒருமுறை ஆடும் நமக்கு?

எப்படி முடிவெடுப்பது என்றால், வீட்டில் இருக்கிற பழைய சீட்டை எடுங்கள். நீங்கள் ஆடும் அதே மேஜையில், ராத்திரி போடும் அதே விளக்கில், நடுவில் ஐந்து சீட்டைத் திறந்து வையுங்கள். கடைசி நாற்காலியில் கண்ணாடி போடும் ஆளை உட்கார வைத்து, எட்டிப் பார்க்காமல் வாசிக்கச் சொல்லுங்கள். ஸ்பேடையும் கிளாவரையும் தடுமாறாமல் பிரித்துச் சொன்னால் சாதாரண இண்டெக்ஸே போதும், அதுதான் என் விருப்பமும். தடுமாறினால் ஜம்போ வாங்குங்கள், ஆட்களைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி உட்காரச் சொல்லுங்கள்.

நான்கு நிறக் கட்டு என்று ஒன்று இருக்கிறது, கிளாவர் பச்சை, டைமண்ட் நீலம், மற்ற இரண்டும் வழக்கம்போல. புதிதாகப் பழகுபவர்களுக்கு ஃப்ளஷ் (ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு) வருகிறதா என்று பார்க்க மிகவும் உதவும். ஆனால் சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உள்ளவர் உங்கள் கூட்டத்தில் இருந்தால், பச்சைக் கிளாவரும் சிவப்பு ஆட்டினும் அவருக்குக் குழம்பலாம், வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

பின்பக்கத்தைப் பரிசோதிப்பது

முகப்பைப் பார்த்து வாங்கி, பின்பக்கத்தைப் பார்க்காமல் விடுவதுதான் வழக்கமாக நடப்பது. பின்பக்கம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நீதிமன்றம் வரை போன கதை இருக்கிறது. 2012-ல் லண்டனின் க்ராக்ஃபோர்ட்ஸ் கேசினோவில் பிரபல போக்கர் ஆட்டக்காரர் பில் ஐவி, புண்டோ பாங்கோ என்ற ஆட்டத்தில் சுமார் 77 லட்சம் பவுண்டு ஜெயித்தார். அங்கே புழங்கிய சீட்டின் பின்பக்க டிசைன் இரண்டு நீள ஓரங்களிலும் துல்லியமாக ஒரே மாதிரி வெட்டப்படவில்லை, மிக நுண்ணிய வித்தியாசம். அவரும் கூட வந்தவரும் நமக்கு ராசி, நம்பிக்கை என்று சொல்லி, முக்கியமான சீட்டுகளை மட்டும் டீலரையே திருப்பி வைக்கச் செய்து, அந்த ஓரத்தைப் பார்த்தே எது பெரிய சீட்டு என்று கண்டுபிடித்தார்கள். கேசினோ பணம் தர மறுத்தது, வழக்கு நடந்தது, 2017-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் கேசினோ பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவ்வளவு பெரிய கேசினோவின் சீட்டிலேயே அப்படி ஒரு ஓரம் இருந்தது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். கட்டை முழுவதும் கவிழ்த்து, மேஜையில் நீளமாக விரியுங்கள். பாதிச் சீட்டை 180 டிகிரி திருப்பிக் கலந்து மறுபடி விரியுங்கள். எந்தச் சீட்டு திருப்பி வைத்தது என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் அந்த டிசைன் போக்கருக்கு ஆகாது. ஒரு பக்கம் மட்டும் பூ, எழுத்து, கம்பெனி முத்திரை, யானை, கோவில் கோபுரம் என்று போட்ட நினைவுப்பொருள் கட்டுகள் இங்கேயே கழிந்துவிடும். இரண்டாவது சோதனை, கட்டைக் கையில் பிடித்து ஒரு மூலையைக் கட்டை விரலால் படபடவென்று விட்டு, பின்பக்கம் மட்டும் ஓடும்படி பாருங்கள். எல்லாம் ஒன்றுபோல அச்சாகியிருந்தால் டிசைன் அசையாமல் நிற்கும். ஒரு கோடு துள்ளினால், ஒரு புள்ளி தோன்றி மறைந்தால், அந்தச் சீட்டில் அச்சு விலகல் இருக்கிறது, அல்லது யாரோ குறி வைத்திருக்கிறார்கள். பத்து விநாடி வேலை, ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் செய்யலாம்.

வெள்ளைக் கரை வைத்த பின்பக்கமா, ஓரம் வரை டிசைன் ஓடும் பின்பக்கமா என்ற கேள்வியும் வரும். கரை இல்லாத டிசைனில் ஒரு சீட்டு தவறித் திரும்பியிருந்தால் உடனே வெள்ளையாகத் தெரிந்துவிடும், அது நல்லது. ஆனால் ஓரம் தேய்ந்தால் வெள்ளைப் புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும், வெட்டு கொஞ்சம் விலகினாலும் ஐவி கதையில் வந்த பிரச்சினை வரும். கரை வைத்ததில் ஓரத் தேய்மானம் அவ்வளவு தெரியாது. வீட்டுக்கு நான் கரை வைத்ததையே எடுப்பேன்.

ஒன்று இல்லை, இரண்டு கட்டு

நல்ல பிளாஸ்டிக் சீட்டுகளைப் பெரும்பாலும் இரண்டு கட்டாக ஒரே பெட்டியில் விற்பார்கள், ஒன்று சிவப்பு முதுகு, ஒன்று நீலம், அல்லது பச்சையும் மரூனும் மாதிரி. அலங்காரத்துக்காக இல்லை. ஒரு கட்டில் கை நடக்கும்போது, முந்தைய கைக்குச் சீட்டுப் போட்டவர் இன்னொரு கட்டைக் கலைத்துத் தயாராக வைத்துவிடுவார், கை முடிந்ததும் காத்திருக்காமல் அடுத்தது தொடங்கும். ஒரு ராத்திரியில் ஆடும் கைகளின் எண்ணிக்கை இதனாலேயே நன்றாகக் கூடும், தேய்மானமும் இரண்டாகப் பிரியும். நீலக் கட்டில் ஒரு சிவப்பு நுழைந்துவிட்டால் அந்த நிமிஷமே தெரிந்துவிடும். அதனால் இரண்டு முதுகும் மங்கலான விளக்கிலும் பளிச்சென்று வேறுபட வேண்டும், ஆழ்ந்த நீலமும் கறுப்பும் சேர்ந்த செட்டைத் தவிர்த்துவிடுங்கள்.

இங்கே நம் வீடுகளுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல். ஒரு வாரம் போக்கர், ஒரு வாரம் ரம்மி என்று ஆடும் குடும்பங்கள் நிறைய. 13 சீட்டு ரம்மிக்கு இரண்டு கட்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டும், அப்போது இரண்டு முதுகும் ஒரே நிறமாக இருந்தாக வேண்டும், சிவப்பு-நீல செட் அதற்கு உதவாது. இரண்டுக்கும் ஆகும்படி வேண்டும் என்றால் ஒரே மாதிரி இரண்டு செட், ஒரே சமயத்தில் வாங்குங்கள், சிவப்பும் சிவப்பும் ரம்மிக்கு, சிவப்பும் நீலமும் போக்கருக்கு. ஒரே சமயத்தில் என்று சொல்வதற்குக் காரணம், புதுக் கட்டும் பழைய கட்டும் கலந்தால் தொட்டாலே வித்தியாசம் தெரியும். ரம்மிக்கு ஜோக்கர் வேண்டும், பெட்டியில் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள், சோதனைக்கென்று மடிக்கவும் வேண்டாம். ரம்மியும் ஆடுவீர்கள் என்றால் பிரிட்ஜ் அளவு, சாதாரண இண்டெக்ஸ் என்பதில் சந்தேகமே வேண்டாம், 13 சீட்டை விரித்துப் பிடிக்க அதுதான் சுகம்.

எந்தக் கம்பெனி

பிரேசிலின் கோபாக் 1908-ல் தொடங்கியது, முதல் பிளாஸ்டிக் செட் வாங்குபவருக்கு நான் தயங்காமல் சொல்வது இதுதான். பிவிசி, விறைப்பும் வளைவும் சரியான அளவில், அளவிலும் இண்டெக்ஸிலும் தேர்வு நிறைய. கெம் பற்றி மேலே சொன்னேன், வாரா வாரம் ஆடும் கூட்டம் என்றால் அந்த விலை தகும். இத்தாலியில் இரண்டு பழைய கம்பெனிகள், ட்ரியெஸ்தே நகரின் மோதியானோ 1868-லிருந்து, ட்ரெவிசோவின் தால் நெக்ரோ அதற்கும் முன்பிருந்து. மோதியானோ சீட்டு கொஞ்சம் தடிமன், விறைப்பு, கலைக்கும் கைக்குப் பலம் வேண்டும், மூலை நன்றாக உழைக்கும். ஸ்பெயினின் ஃபூர்னியே, வியன்னாவின் பியாட்னிக் இரண்டும் நம்பி வாங்கக்கூடியவை. பைசைக்கிளிலேயே பிரெஸ்டீஜ் என்ற வகை முழுப் பிளாஸ்டிக், ஒற்றைக் கட்டாகக் கிடைக்கும், பிளாஸ்டிக் நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க நல்ல தொடக்கம். ஆசியாவிலும் இதற்கு வரலாறு உண்டு, ஜப்பானில் பிளாஸ்டிக் சீட்டை முதலில் பெரிய அளவில் தயாரித்தது நிண்டெண்டோ, 1953-ல், வீடியோ கேம் வருவதற்கு வெகு முன்பு.

இணையத்தில் வாங்கும்போது விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் போலியாக இருக்கலாம். ஒரு கட்டா இரண்டு கட்டா, எந்த அளவு, எந்த இண்டெக்ஸ் என்ற மூன்றும் விவரத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், படத்தை மட்டும் நம்ப வேண்டாம். திருப்பி அனுப்பும் வசதி இருக்கும் இடத்தில் வாங்கினால் டார்ச் சோதனையும் பின்பக்கச் சோதனையும் நிம்மதியாகச் செய்யலாம். பணம் வைத்து ஆடுவது பற்றிய சட்டம் ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு மாறும், சிப்ஸை மட்டும் வைத்து ஆடினாலும் ஆட்டத்தின் சுவை குறைவதில்லை.

மேஜையும் சீட்டும் ஒத்துப்போக வேண்டும்

எவ்வளவு நல்ல சீட்டாக இருந்தாலும் கண்ணாடி மேஜை, கிரானைட், சன்மைக்கா மேல் போட்டு ஆடினால் பாதி நன்மை போய்விடும். வழவழப்பான பரப்பில் தட்டையாகப் படுத்த பிளாஸ்டிக் சீட்டை எடுக்க நகத்தால் நெம்ப வேண்டும், அந்த நகம்தான் பிளாஸ்டிக்குக்கு முதல் எதிரி, அழுத்தமான நகக்குறி அழியாது. மேலே ஃபேன் சுற்றினால் சீட்டு நகர்ந்து திரும்பிக்கொள்ளவும் செய்யும். மேலே ஒரு துணி வேண்டும், கொஞ்சம் அமுங்கக்கூடியதாக. பெரிய மவுஸ்பேடு போன்ற ரப்பர் விரிப்பு கிடைத்தால் அது மிகச் சிறந்தது, இல்லையென்றால் கெட்டியான போர்வையை மடித்து அதன் மேல் வழவழப்பான துணியை இழுத்துக் கட்டலாம். தரையில் உட்கார்ந்து ஆடுபவர்கள் ஜமுக்காளத்தின் மேலேயே போட்டால் அதன் முரட்டு நெசவில் சீட்டு வழுக்கி ஓடாது, ஓரம் தட்டித் திரும்பிக்கொள்ளும், முகம் தெரிந்துவிடும். ஜமுக்காளம் கீழே, மெல்லிய துணி மேலே.

கூடவே ஒரு கட் கார்டு வாங்குங்கள், சீட்டு அளவில் ஒரே நிறப் பிளாஸ்டிக் துண்டு. வெட்டிய பிறகு கட்டின் அடியில் அதை வைத்தால் அடிச்சீட்டு யாருக்கும் தெரியாது. சில செட்டோடு சேர்ந்தே வரும்.

பெட்டியைப் பிரித்த அன்று

முதலில் எண்ணுங்கள், நான்கு ஜாதியும் 13 இருக்கிறதா என்று வரிசையாக அடுக்கிப் பாருங்கள். புதுப் பிளாஸ்டிக் சீட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும், அதை அப்படியே கலைத்தால் கொத்தாகத்தான் விழும். எல்லாவற்றையும் மேஜையில் கவிழ்த்துக் கொட்டி, இரண்டு கையாலும் வட்டம் வட்டமாகப் பரப்பி அளைந்துவிட்டு, பிறகு சேர்த்து அடுக்குங்கள். அடுத்து, பாதியாகப் பிரித்து மூலைகளைக் கோத்துக் கலைப்பது. மேஜையோடு ஒட்டி, மூலையை அரை அங்குலத்துக்கு மேல் தூக்காமல் கலைத்தால் போதும். காற்றில் பாலம் மாதிரி வளைத்து விழவைக்கும் வித்தை பார்க்க அழகு, கட்டுக்குக் கேடு. எத்தனை முறை கலைப்பது என்றால் 1992-ல் டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரண்டு கணித அறிஞர்கள் கணக்குப் போட்டு, 52 சீட்டுக்கு இந்த முறையில் ஏழு தடவை வேண்டும் என்று காட்டினார்கள். இரண்டு கட்டு வைத்து ஆடினால் ஏழு முறை கலைக்கத் தாராளமாக நேரம் இருக்கும்.

பராமரிப்பு

மிக்சர், பஜ்ஜி, வறுத்த கடலை இல்லாமல் நம் வீட்டில் சீட்டாட்டம் கிடையாது, அதைத் தடுக்கவும் வேண்டாம். பக்கத்தில் ஈரத்துணி ஒன்றும் காய்ந்த துணி ஒன்றும் வையுங்கள், தின்ற கையைத் துடைத்துவிட்டுச் சீட்டைத் தொடச் சொல்லுங்கள். எண்ணெய் பட்ட சீட்டு ஒட்டும், ஒட்டும் சீட்டு எது என்பது தெரிந்துவிடும், மறுபடி அதே பிரச்சினை.

சில ஆட்டங்களுக்கு ஒருமுறை சுத்தம் செய்யலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, மெல்லிய பருத்தித் துணியை நனைத்து இறுக்கப் பிழிந்து, ஒவ்வொரு சீட்டாக இரண்டு பக்கமும் துடையுங்கள். அடுத்து வெறும் தண்ணீர் துணி, அடுத்து காய்ந்த துணி. துண்டின் மேல் பரப்பி ஃபேன் காற்றில் கொஞ்ச நேரம் விடுங்கள், வெயிலில் வேண்டாம். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் பக்கமே போகக் கூடாது, அசிடோன் அசிடேட் சீட்டைக் கரைத்தேவிடும். சானிடைசர் போட்ட கையும் முழுசாகக் காய்ந்த பிறகே சீட்டைத் தொட வேண்டும்.

பிளாஸ்டிக்குக்கு ஈரம் ஒன்றும் செய்யாது, சூடு செய்யும். கத்தரி வெயிலில் நிறுத்திய காருக்குள் சீட்டுப் பெட்டியை விட்டுவிட்டுப் போனால் கட்டு கோணிக்கொண்டு நிற்கும். ஒரே பக்கமாகவே கலைத்துக் கலைத்து வில் மாதிரி வளைந்த கட்டையும் நேராக்கலாம், முழுக் கட்டையும் எதிர்ப்பக்கம் மெதுவாக வளைத்து விட்டு, இரண்டு தடிப் புத்தகங்களுக்கு நடுவில் சில நாள் வையுங்கள். ஒரு சீட்டு மட்டும் வளைந்திருந்தால் அதைத் தனியாக அழுத்தி நேராக்கி, கட்டில் சேர்த்துக் கவிழ்த்துப் பார்த்து, தனியாகத் தெரியாவிட்டால் மட்டும் ஆட்டத்துக்கு எடுங்கள்.

எப்போது கட்டை மாற்றுவது? வருஷக் கணக்கு எதுவும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் சீட்டுகளைக் கவிழ்த்து விரித்து, டார்ச்சைப் பக்கவாட்டில் தரையோடு சாய்த்து அடியுங்கள். நகக்குறி, மடிப்பு, கீறல் எல்லாம் நிழல் விழுந்து தெரியும். எல்லாச் சீட்டிலும் ஒரே மாதிரி பொதுவான தேய்மானம் இருந்தால் பரவாயில்லை, இன்னும் ஆடலாம். ஒரே ஒரு சீட்டில் மட்டும் அடையாளம் இருந்தால் அந்தக் கட்டு போக்கருக்கு முடிந்தது. அதே கம்பெனியின் புதுக் கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்துச் சேர்க்கும் யோசனை வேண்டாம், பழையவற்றுக்கு நடுவில் அந்தப் புதுசு பளபளப்பாலேயே தெரிந்துவிடும். கழித்த கட்டைப் பிள்ளைகள் கலைக்கப் பழகக் கொடுங்கள், அல்லது யாருக்காவது போக்கரில் எந்தச் சீட்டுச் சேர்க்கை பெரியது என்ற வரிசையைச் சொல்லிக்கொடுக்க வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டப் பெட்டிக்குள் மட்டும் திரும்ப வைக்காதீர்கள், அவசரத்தில் யாராவது அதையே எடுத்துப் போட்டுவிடுவார்கள்.